கணினி கண்ணயர்ந்த கதை

சென்ற கோடை விடுமுறைக்கு என் வீட்டிற்கு வந்திருந்த தம்பி மகன், ஆகாய விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடுவதற்காக ஒரு ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்து என் மேஜைக் கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்தில் செருகியவன், விடுமுறை முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து ஒரு விசித்திரம் தொடங்கிற்று. பத்து நிமிஷம் யாரும் தொடாதிருந்தால் திரையைத் தானே இருட்டாக்கிக்கொண்டு, அரை மணிக்குள் நித்திரையில் ஆழ்ந்துவிடும் வழக்கமுடைய அந்த யந்திரம், இராமுழுதும் விளக்கெரிய, விசிறி சுழல, வைகறையில் நான் காபிக் கோப்பையுடன் அறைக்குள் நுழையும்போதும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். உள்ளிருப்பதையெல்லாம் அழித்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்று அவர் விதித்தார். தூக்கம் வரவில்லை என்று போனவனுக்குத் தலையையே மாற்றச் சொன்னதுபோல் இருந்த அந்த வைத்தியத்தை ஒத்திவைத்துவிட்டு, யந்திரங்கள் உறங்கக் கற்றுக்கொண்ட சரித்திரத்தை ஆராயப் புகுந்தேன். என் நோய்க்கு மருந்தும் அந்தச் சரித்திரத்திலேயே இருந்தது.

மின்னணுக் கணினிகளின் ஆதிகாலத்தில் உறக்கம் என்ற சொல்லுக்கே இடமிருக்கவில்லை. 1946-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பிலடெல்பியா நகரில் உலகறியக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் யந்திரத்தில் ஏறக்குறைய 18,000 வால்வுகள் இருந்தன. அது உண்ட மின்சாரமோ சுமார் 150 கிலோவாட். வால்வுகள் பழுதாவது பெரும்பாலும் அவை சூடேறும் வேளையிலும் ஆறும் வேளையிலுந்தான் என்பதை அனுபவத்தில் கண்ட பொறியாளர்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யந்திரத்தை அணைக்காமலே வைத்திருந்தனர். அப்படிக் காத்தும், பழுதின்றி அது தொடர்ந்து ஓடிய மிக நீண்ட காலம் 116 மணி நேரமே; அதுவும் 1954-இல்தான் கைகூடியது. ஆகவே அந்நாளில் விழித்திருப்பதே க்ஷேமம், கண் மூடுவதே அபாயம். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி எனியாக்கின் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதை உறக்கம் என்று சொல்வதற்கில்லை. மரணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த தலைமுறையில் கணினிக்கு நிற்கத் தெரிந்தது. ஆனால் நிற்பது குற்றமாகக் கருதப்பட்டது. ஐ.பி.எம். ஸ்தாபனம் 1964 ஏப்ரல் 7-ஆம் தேதி அறிவித்த சிஸ்டம்/360 என்னும் யந்திர வரிசையில், செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது செயலகம் ஒரு காத்திருப்பு நிலைக்குப் போய்விடும். அதைத் தெரிவிக்க முகப்புப் பலகையில் தனியே ஒரு விளக்கு எரியும். வெளியிலிருந்து ஒரு குறுக்கீடு வந்ததும் செயலகம் எழுந்து அதைக் கவனிக்கும். தபால்காரர் வந்தாரா என்று நிமிஷத்துக்கொரு தரம் வாசலுக்குப் போய்ப் பார்ப்பதை விட்டு, கதவைத் தட்டும் ஓசை கேட்கும்வரை ஊஞ்சலில் சாய்ந்திருப்பதற்கு ஒப்பானது இந்த ஏற்பாடு. ஆனால் பெருந்தொகை வாடகை கொடுத்து யந்திரத்தை வைத்திருந்தவர்களுக்கு அந்த விளக்கு எரிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மனிதன் யோசிக்கும் இடைவெளியில் மற்றொருவனுக்கு யந்திரத்தை ஊழியம் செய்யவைக்கும் காலப் பகிர்வு முறையை, எம்.ஐ.டி. கலாசாலையில் பெர்னாண்டோ கொர்பாத்தோவும் அவருடைய சகாக்களும் 1961-லேயே செய்து காட்டியிருந்தார்கள். ஆக, அக்காலத்து மேதைகளின் சிரமமெல்லாம் கணினியைத் தூங்கவிடாமல் இருப்பதிலேயே செலவாயிற்று.

ஒரு மனிதனுக்கு ஒரு கணினி என்னும் நிலை வந்தபோதுதான் இந்தப் பார்வை மாறத் தொடங்கியது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் செயலகம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்த 8086 குடும்பத்தில் ‘ஹால்ட்’, அதாவது நில், என்றொரு கட்டளை பிறவியிலேயே உண்டு. அந்தக் கட்டளையைக் கேட்ட செயலகம், அடுத்த குறுக்கீடு வரும்வரை அசையாது. எனினும் டாஸ் காலத்து மென்பொருள்கள் அதைப் பெரும்பாலும் உபயோகிக்கவில்லை. ‘விசை அழுத்தப்பட்டதா, விசை அழுத்தப்பட்டதா’ என்று வினாடிக்குப் பல்லாயிரம் தடவை கேட்டுக்கொண்டு வட்டமடித்துக்கொண்டிருந்தன. எழுதுகிறவர் அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டு மேல்விட்டத்தைப் பார்த்திருக்கும் அந்த வேளையெல்லாம் யந்திரம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது, கண்டவர் ஒருவருமில்லை. விண்டோஸ் 95-கூட வேலையற்ற நேரத்தில் அந்தக் கட்டளையைக் கொடுப்பதில்லை என்பதால், அதைச் செய்வதற்கென்றே சிலர் சிறு நிரல்களை எழுதி விநியோகித்தார்கள். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி பிரபலமான பிறகே, வீணான விழிப்பு என்பது கைக்காசைக் கரைக்கும் விஷயம் என்று யாவருக்கும் விளங்கிற்று.

இதனிடையே, வேறொரு காரணத்தை முன்னிட்டு, நம் கதைக்கு ஆதாரமான ஒரு கேள்வி பிறந்தது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நெடுநேரம் நின்றால், அதன் தழும்பு உள்ளிருக்கும் பாஸ்பரப் பூச்சில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். இதற்குப் பரிகாரமாக ஜான் சோக்கா என்பவர் எழுதிய சிறு நிரல் ஒன்று 1983 டிசம்பரில் ‘சாஃப்ட்டாக்’ பத்திரிகையில் வெளிவந்தது. மூன்று நிமிஷம் விசைப்பலகையை யாரும் தொடாவிட்டால் திரையை இருட்டாக்கிவிடுவதே அதன் வேலை. நிரல் சிறிதாயினும் அதனுள் பொதிந்திருந்த கேள்வி பெரிது. ‘எனக்கு வேலை இருக்கிறதா?’ என்று மட்டும் அதுவரை கேட்டுவந்த யந்திரம், ‘என் எதிரே மனிதன் இருக்கிறானா?’ என்று கேட்கத் தொடங்கியது. கண்ணும் காதுமில்லாத அது, விசையின் மௌனத்தை மனிதனின் இன்மைக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்டது. பின்னர் 1989-இல் சிறகு முளைத்த ரொட்டி வாட்டிகளைத் திரையில் பறக்கவிட்ட ‘ஆஃப்டர் டார்க்’ முதலிய அலங்காரங்கள் வந்தன. அலங்காரம் மாறினாலும் சாட்சியம் மாறவில்லை.

மின்சாரச் சிக்கனத்தை அரசாங்கம் கையிலெடுத்தது அதற்குப் பின்புதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1992-இல் தொடங்கிய எனர்ஜி ஸ்டார் திட்டம், முதன்முதலாகக் கணினிகளையும் அவற்றின் திரைகளையுமே எடுத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது 30 வாட்டுக்கு மேல் உண்ணலாகாது என்று வரம்பு கட்டிற்று. மறு வருஷமே அமெரிக்க அரசாங்க அலுவலகங்கள் அத்தகைய கணினிகளையே வாங்க வேண்டும் என்று ஜனாதிபதியின் ஆணை பிறந்தது. அதே 1992-இல் இன்டெலும் மைக்ரோசாஃப்ட்டும் ஏ.பி.எம். என்ற முறையை வகுத்தன. 1996 டிசம்பரில் தோஷிபாவும் உடன் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற விரிவான விதிகள் வெளிவந்தன. கோவிலில் அர்த்தஜாம பூஜை முடிந்து சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வதற்கும், வைகறையில் திருப்பள்ளியெழுச்சி பாடுவதற்கும் ஒரு கிரமம் இருப்பதுபோல, எந்த உறுப்பு முதலில் அடங்குவது, எது கடைசிவரை விழித்திருப்பது, யார் எழுப்பினால் எழுவது என்றெல்லாம் அந்த விதிகள் படிப்படியாக வகுத்துரைத்தன. ஆனால் நடை சாத்தலாமா என்பதைத் தீர்மானிப்பது மட்டும் பழைய சாட்சியத்தையே, அதாவது கையின் அசைவையே, நம்பியிருந்தது.

அந்தச் சாட்சிகளின் எண்ணிக்கையோ பெருகிக்கொண்டே வந்தது. விசைப்பலகையோடு மவுஸ் வந்து சேர்ந்தது. டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964-இல் மரத்தால் செய்து, 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்ஸிஸ்கோவில் சபை நடுவே காட்டிய பொருள் அது. விமானியின் கைப்பிடியிலிருந்து பிறந்த ஜாய்ஸ்டிக்கும் வந்தது. விசை, அழுத்தினால் உண்டு, அழுத்தாவிட்டால் இல்லை. பழைய மவுஸின் வயிற்றிலிருந்த உருண்டையும் யாராவது தள்ளினாலன்றி உருளாது. ஆனால் 1999-ஆம் வருஷத்தை ஒட்டிப் பரவிய ஒளி மவுஸ், தன் அடியிலுள்ள பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் படமெடுத்து, முந்திய படத்தோடு ஒப்பிட்டு, அதிலிருந்து அசைவை அனுமானிப்பது. கண்ணாடி மேஜையிலோ பளபளக்கும் பரப்பிலோ வைத்தால், நகராதபோதே நகர்ந்ததாக அதற்குப் பிரமை தட்டுவதுண்டு. ஜாய்ஸ்டிக்கின் விஷயம் இதைவிட நுட்பமானது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இந்தச் சாட்சிகள் கணினியோடு பேசும் வழியும் இதனிடையே தலைகீழாக மாறிற்று. ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த பி.எஸ்/2 இணைப்பில், விசைப்பலகையோ மவுஸோ தனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் தானே கதவைத் தட்டும். 1996 ஜனவரியில் ஏழு ஸ்தாபனங்கள் சேர்ந்து வெளியிட்ட யூ.எஸ்.பி. விதிகளில் அந்தச் சுதந்திரம் இல்லை. குஜராத்தில் பிறந்து இன்டெலில் பணியாற்றிய அஜய் பட் முதலியோர் வகுத்த அந்த ஏற்பாட்டில், கணினி கேட்டாலொழியச் சாதனம் வாய் திறக்கலாகாது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயர் வாசிக்க, மாணவர்கள் ஒவ்வொருவராக ‘உள்ளேன் ஐயா’ என்பதுபோல, கணினியின் யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டகம் ஒவ்வொரு சாதனத்தையும் முறைவைத்து விசாரிக்க, அதுவும் ‘புதிதாக ஒன்றுமில்லை ஐயா’ என்றோ, ‘இவ்வளவு நகர்ந்தேன்’ என்றோ பதில் சொல்லும். விதிநூலில் இதற்குக் குறுக்கீட்டுப் பரிமாற்றம் என்று பெயரிட்டிருப்பது ஒரு வேடிக்கை. அங்கே குறுக்கிடுவார் ஒருவருமில்லை. சாதாரண மவுஸ் ஒன்றை எட்டு மில்லி வினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு 125 முறை, விசாரிப்பது வழக்கம். அப்படியானால், யாரும் தொடாமல் மேஜைமேல் கிடக்கும் மவுஸ்கூட ஒரு நாளைக்கு ஒரு கோடியே எட்டு லட்சம் தடவை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியாக வேண்டும்.

ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் விலை உண்டு என்பது மடிக்கணினிகளில் புலனாயிற்று. பழைய யூ.எஸ்.பி. கட்டுப்பாட்டகங்களில் ஒரு வகை, யாரை எப்போது விசாரிப்பது என்ற பட்டியலைக் கணினியின் பொது நினைவகத்தில் 1,024 வரிகளாக எழுதி வைத்துக்கொண்டு, மில்லி வினாடிக்கு ஒரு வரியாக அதைப் படித்துக்கொண்டே இருக்கும். செயலகமோ நினைவகத்தின் சில பகுதிகளைத் தன்னிடமும் பிரதியெடுத்து வைத்திருப்பது. அந்தப் பிரதி மூலத்தைவிடப் புதியதாக இருக்கக்கூடும். ஆகையால், பேரேட்டை யாராவது புரட்டும்போதெல்லாம், புதிய வரவு செலவைத் தன் மடியிலிருக்கும் சிட்டையில் குறித்து வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை அருகில் கண் விழித்திருக்க வேண்டியதுபோல, நினைவகத்தை மற்றொருவர் படிக்கும்போதெல்லாம் செயலகமும் விழித்திருக்க வேண்டும். விளைவு என்னவென்றால், சிறியதொரு மவுஸைச் செருகியமாத்திரத்தில், அதை யாரும் அசைக்காவிட்டாலும், செயலகம் ஏ.சி.பி.ஐ. விதித்த மூன்றாம் படி ஆழ்நிலைக்குப் போக இயலாமல் மேலோட்டமான துயிலிலேயே நிற்கும். இந்தக் குறையைப் போக்கவே, வேலையற்ற சாதனத்தைத் தனித்தனியே உறங்கவைக்கும் ஏற்பாடு விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலும் பின்னர் லினக்ஸிலும் வந்தது. 2010-இல் வெளிவந்த புதிய கட்டுப்பாட்டக விதிகள் அந்த ஓயாத ஓதலையே நீக்கின.

யூ.எஸ்.பி. சாதனம் உறங்குவதற்கும் இலக்கணம் உண்டு. கம்பியில் மூன்று மில்லி வினாடி அரவமற்றிருந்தால் சாதனம் கண்ணயர வேண்டும். அந்நிலையில் சாதாரணச் சாதனம் ஒன்று உண்ணத்தக்க மின்னோட்டம், தொடக்க விதிப்படி, 500 மைக்ரோ ஆம்பியர்தான். அவ்வளவில் ஒளி மவுஸின் விளக்கை எரியவிடுவது இயலாது என்பதாலேயே, உறங்கும் கணினியை எழுப்பச் சில மவுஸ்களை அசைத்தால் போதாமல் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது. தூங்கவிடாமல் செய்வது ஒரு நோய். தூங்கியதை அகாலத்தில் எழுப்புவது மற்றொரு நோய். பின்னதற்கு, எழுப்பும் உரிமையை அந்தச் சாதனத்திடமிருந்து பறித்துவிட்டால் போதும். முன்னதுதான் என் வீட்டுக் கணினியைப் பீடித்தது.

யார் எழுப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் கலை ஒரு சாஸ்திரமாகவே வளர்ந்தது 2007-ஆம் வருஷத்தில். அதுவரை லினக்ஸ் போன்ற அமைப்புகள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரத் துடிப்பொன்றை வினாடிக்கு 100 முதல் 1,000 தடவை வரை செயலகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தன. அவ்வருஷம் ஏப்ரலில் வெளிவந்த 2.6.21 என்னும் லினக்ஸ் கருநிரலில், வேலையற்ற வேளையில் அந்தத் துடிப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாடு சேர்ந்தது. மறு மாதமே இன்டெலிலிருந்து பவர்டாப் என்னும் கருவி வந்து, செயலகத்தை வினாடிக்கு எத்தனை தடவை யார் யார் எழுப்புகிறார்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. பெருமுரசின் ஓசை நின்ற பிறகுதானே மூலையில் சொட்டும் குழாயின் சப்தம் காதில் விழும்? அதுபோல, அதுவரை கண்ணில் படாத நூறு சின்னத் தொந்தரவுகள் அந்தப் பட்டியலில் வெளிப்பட்டன. விண்டோஸில் பவர்சி.எஃப்.ஜி. என்னும் கட்டளையும், ஆப்பிள் கணினிகளில் பி.எம்.செட் என்பதும் இவ்வகை விசாரணைக்கும் உதவுபவை.

இவ்வளவும் அறிந்துகொண்டு நான் விசாரணையில் இறங்கினேன். முதலில், உறங்க வேண்டாம் என்று எந்த நிரலாவது வெளிப்படையாக வேண்டிக்கொண்டிருக்கிறதா என்று பவர்சி.எஃப்.ஜி.யிடம் கேட்டேன், பட்டியல் வெறுமையாக வந்தது. வேண்டிக்கொண்டவர் யாருமில்லை என்றால், அசைந்துகொண்டிருப்பவர் யாரோ உண்டு என்று அர்த்தம். ஆகவே செருகியிருந்த சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் திரையணையும் நேரத்தை ஒரு நிமிஷமாகக் குறைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பிரிண்டர் குற்றமற்றது, மவுஸ் குற்றமற்றது. ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிய அறுபதாவது வினாடியில் திரை இருண்டது. மறுபடி செருகினேன், இருள மறுத்தது. கழற்றினால் நோய் நீங்கவும், செருகினால் திரும்பவும் கண்ட பிறகே காரணம் நிச்சயமாயிற்று என்று சொல்லலாம். ஒரு தடவை நீங்கியதை மாத்திரம் நம்பினால் அது தற்செயலாகவும் இருக்கக்கூடும்.

அதன்பின், கைப்பிடியைப் பரீட்சிக்கும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். சதுரக் கட்டத்தின் நடுவே நிற்க வேண்டிய கூட்டல் குறி, அறையில் ஒருவரும் அதைத் தொடாதிருக்கையில், குளிரில் நனைந்த குருவிபோல் நடுங்கிக்கொண்டிருந்தது. காரணம் இதுதான். ஜாய்ஸ்டிக்கின் உள்ளே, சாய்வுக்குத் தக்கபடி மின்தடை மாறும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் அளவு 0 முதல் 1,023 வரையான ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுநிலையில் நிற்கும் கைப்பிடியின் அளவு, 511-க்கும் 512-க்கும் இடையேயான வரம்பில், மதில்மேல் பூனையாக நின்றுவிட்டால், தேய்மானமோ மின்சாரத்தில் உள்ள சிறு சலனமோ அந்த எண்ணை இப்படியும் அப்படியுமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய ஐ.பி.எம். பி.சி.யிலும் இந்த நடுக்கம் உண்டு; ஆனால் அதன் ஜாய்ஸ்டிக் அட்டை தானாக யாரையும் எழுப்பாது; விளையாட்டு நிரல் கேட்கும்போது மட்டும் அளவைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

இங்கேதான் யூ.எஸ்.பி. விதிநூலின் ஒரு வாக்கியம் சுவையாகிறது. மனிதக் கைக்கான சாதனங்கள் எவ்வளவு நேரத்துக்கொரு முறை பழைய செய்தியையே மறுபடி சொல்லலாம் என்பதை வரையறுக்கும் அந்த விதி, விசைப்பலகைக்கு 500 மில்லி வினாடியையும், மவுஸுக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் முடிவிலியையும் சிபாரிசு செய்கிறது. அதாவது, மாற்றம் ஏதும் இல்லாதவரை மௌனமாயிரு என்பது கட்டளை. என் தம்பி மகனின் கைப்பிடி அந்தக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து அனுசரித்தது. எண் மாறிற்று, ஆகவே சொன்னது. அது பொய் சொல்லவில்லை. ‘கை இருக்கிறதா?’ என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, ‘எண் மாறியதா?’ என்றே கேட்டார்கள். விசைகளின் காலத்தில் அவ்விரண்டும் ஒரே கேள்வியாக இருந்தன. 1983-ஆம் வருஷத்து நிரலின் அனுமானம் அதனால்தான் பலித்தது. அளந்து சொல்லும் சாதனங்கள் வந்ததும் இரண்டு கேள்விகளும் பிரிந்துவிட்டன. அந்தப் பிரிவை நாம் கவனிக்கவில்லை.

பரிகாரங்களும் இந்தப் பிரிவை ஒட்டியே அமைந்திருக்கின்றன. விளையாட்டு நிரல்கள் நடுவைச் சுற்றி ஓர் உணர்வற்ற வட்டத்தை வகுத்து, அதற்குள் நேரும் அசைவை அலட்சியம் செய்கின்றன. லினக்ஸ் கருநிரலோ இன்னும் கீழேயே ஒரு சல்லடை வைத்து, இன்ன அளவுக்குட்பட்ட நடுக்கத்தை மேலே விடுவதில்லை என்று தடுக்க இடந்தருகிறது. ஜாய்ஸ்டிக்கின் அசைவைக் கணக்கிலேயே எடுக்காத அமைப்புகளும் உண்டு. அங்கே நோய் மறுபக்கம் திரும்பி, விமானத்தைத் தரையிறக்கும் உச்சக்கட்டத்தில் திரை இருண்டுவிடுகிறது. இந்தச் சாட்சியத்தின் பலவீனத்தையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்: இருக்கையில் ஆளில்லாதபோதே மவுஸை அசைத்துக்கொண்டிருந்து, ஊழியர் வேலையில் இருப்பதாக மேலதிகாரியை நம்பவைக்கும் சிறு கருவிகள், வீட்டிலிருந்து உத்தியோகம் பார்ப்பது பரவிய அண்மைக் காலத்தில் தாராளமாக விலைபோயின. யந்திரம் நம்பியதை மேலதிகாரியும் நம்பினார் என்பதே அந்த வியாபாரத்தின் மூலதனம்.

என் வீட்டில் நான் கடைப்பிடித்த பரிகாரம் மிக எளியது. கைப்பிடியைக் கழற்றி, கயிறு கட்டி, சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். சில நாள் கழித்துத் தம்பி மகன் தொலைபேசியில் அழைத்தான்.

“பெரியப்பா, என் ஜாய்ஸ்டிக் பத்திரமா இருக்கா?”

“இருக்குடா. ஆணியிலே தூங்குது.”

“கழட்டிட்டீங்களா? ஏன், ஒடஞ்சு போச்சா?”

“உடையலை. நீ இங்கேயே இருக்கேன்னு அது தினமும் ராத்திரி பூராவும் சொல்லிக்கிட்டே இருந்தது.”

அவன் சிரித்தான். அன்றிரவு நான் எழுதி முடித்து, விளக்கை அணைத்துவிட்டு, என்றுமில்லாத வழக்கமாக நாற்காலியிலேயே கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது நிமிஷத்தில் திரை இருண்டது. எதிரே மனிதன் இல்லை என்று அது தீர்மானித்துவிட்டது. அதன் தீர்ப்பை மதித்து நானும் எழுந்து படுக்கப் போனேன்.